பின்னறையில் ஓடிய குழாய்

தினேஷ்வரன் என்ற பேரைக் கோமளா முதன்முதலில் கேட்டது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்றுதான். புலாவ் செபாங்கில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி கோமளாவின் வீடு. மாப்பிள்ளை பரமேஸ்வரன் லோரி ஓட்டுகிறவர், அதிகம் வாய் திறக்காதவர்; கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் அவருடைய தாய்மாமன் பெரியதம்பியுடையது. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், மாப்பிள்ளையின் தம்பியைப் பற்றி ஒன்பது வார்த்தை சொன்னார் அந்த மனிதர்.

“சின்னவன் தினேஷ்வரன் இருக்கான் பாருங்க, வெளிநாட்டுல படிக்கிறான். அணுவ ஓட விடற படிப்பு. நம்ம ஆளுங்க யாரும் கைவைக்காத படிப்பு.”

கோமளாவின் அம்மா மகளின் காதருகே குனிந்து, “இவங்க எந்த மாப்பிள்ளைக்குப் பொண்ணு கேக்க வந்திருக்காங்கன்னு கேட்டுக்க லா,” என்றாள். கோமளாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மங்களம், மாப்பிள்ளையின் தாய், அதைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குச் சிரித்த முகம் என்று சொல்லி அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்குக் கொழுந்தன் வரவில்லை. பரீட்சை என்றார்கள். மடிக்கணினியை ஒரு நாற்காலியில் வைத்து, அதில் தெரிந்த முகத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் கும்பிடு போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒல்லி முகம். “வணக்கம் அண்ணி,” என்றது. அவ்வளவுதான் பழக்கம்.

மற்றதெல்லாம் மங்களம் சொல்லித் தெரிந்தது. மங்களம் பிறந்த வீட்டில் அவளோடு சேர்த்துப் பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவள் முனியம்மா, அடுத்தவள் மங்களம், அதற்கடுத்தவள் குஞ்சம்மா, கடைசியில் ஒரு ஆண். கடைசியாகப் பிறந்த பிள்ளைக்குப் பெரியதம்பி என்று பேர் வைத்த குடும்பம் அது. மங்களத்தைச் செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் தங்கையாவுக்குக் கொடுத்தார்கள். தங்கையா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியைக் காலம் முழுக்க ஓட்டியவர். சின்னவன் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அப்பாவோடு லோரியில் ஏறிக்கொள்வான். குலையிலிருந்து உதிர்ந்த பழங்கள் ரோடெல்லாம் விழாமல் குறிப்பிட்ட ஒரு வளைவில் மட்டும் கொட்டுவதை அவன்தான் பார்த்துச் சொன்னான். வளைவில் மெதுவாகப் போ என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் மேட்டில் மெதுவாகப் போ, அங்கேதான் பழம் கலைகிறது என்றான். தங்கையா அதைச் சாகிறவரை ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தை அதன் முதலாளிகள் விற்றுவிட்டார்கள். குடும்பம் பத்து பெரண்டாமுக்கு வந்து, விமான நிலையத்துக்குப் பின்னால் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில், ஒரு வரிசை வீட்டில் குடியேறியது. கோமளா அங்கிருந்தே பக்கத்துப் பேக்டரிக்குப் போனாள். ஆபரேட்டராகச் சேர்ந்து லைன் லீடராக ஆனாள். தங்கையா போனபோது சின்னவன் வந்து பதினாறாம் நாள் வரை இருந்துவிட்டுத் திரும்பினான். அப்போது அவனுக்கு வடக்கே ஒரு குளிர் நாட்டில் வேலை. புதிதாக ஒரு பெரிய மிஷின் கட்டப்போகிறார்கள், அதைக் கட்டும் முன்னால் கணினிக்குள் கட்டிப் பார்க்கிறவர்களில் அவன் ஒருவன்.

அப்பாவின் திதிக்கு மறுபடி வந்தான். அது அந்தக் கொரோனா வருஷம். திதி முடிந்து பெட்டியைக் கட்டி வைத்திருந்தபோது நாட்டை மூடிவிட்டார்கள்.

ஒரு மாதம் என்றார்கள். பிறகு இன்னொரு மாதம். அவனுடைய ஆபீசில், இருக்கிற இடத்திலிருந்தே வேலை செய் என்று சொல்லிவிட்டார்கள். அரிசி மூட்டையும் பழைய தையல் மிஷினும் கிடந்த பின்னறையைக் கோமளாதான் ஒழித்துக் கொடுத்தாள். ஒரு ஜன்னல், அதற்கு வெளியே கையெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். அங்கே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தான். நிஜமான பெரிய கணினிகள் அந்தக் குளிர் நாட்டில் இருந்தன. இவன் இங்கிருந்து அவற்றுக்குக் கணக்கைக் கொடுப்பான், அவை நாள்கணக்கில் ஓடி விடையைத் திருப்பி அனுப்பும். மேலே, பயிற்சி எடுக்கிற சின்ன விமானங்கள் எங்கேயும் போகாமல் தாமானையே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் தேநீர் கொண்டுபோன கோமளா, திரையைப் பார்த்து நின்றாள். நீளமான ஒரு குழாய்க்குள் நீலப் பொட்டுகள் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் அங்கங்கே சிவப்பு.

“தம்பி, இது என்ன விளையாட்டா?”

“விளையாட்டு இல்ல அண்ணி, இதான் மிஷின். நம்ம தாமான்லேருந்து ஏர்போர்ட் வரைக்கும் நீளம் வரும் இந்தக் குழாய். உள்ள அணுவோட சின்னத் துகளுங்க ஓடும். ஓட ஓட மின்சாரத்தால தள்ளித் தள்ளி வேகம் ஏத்தணும். கடைசியில ஒரு கனமான உலோகக் கட்டி மேல போய் மோதும். அப்ப கிளம்பற கதிர வச்சு எந்தப் பொருளுக்குள்ளயும் பாக்கலாம். மருந்து, பேட்டரி, எல்லாம்.”

“ஒவ்வொரு பொட்டும் ஒரு துகளா?”

“அப்படிப் போட்டா எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது. ஒரு பொட்டு பல லட்சத்துக்குச் சமம்.”

“சிவப்பு?”

“வழியில சுவத்துல இடிச்சுப் போனவங்க.” துகளைப் பற்றி அவன் எப்போதும் ஆட்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவான். “எல்லாம் ஒரே மின்சாரம் உள்ளதுங்க. நெருங்க விட்டா ஒண்ண ஒண்ணு தள்ளும். வெளியிலேருந்து காந்தம் வச்சு அமுக்கிப் பிடிக்கணும்.”

“நம்ம குடும்பம் மாதிரின்னு சொல்லு.”

அவன் சிரித்தான். வந்த நாளிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

“எவ்வளவு ரிஜெக்ட் ஆகலாம்?” என்று கேட்டாள். லைன் லீடருக்கு அதுதானே கேள்வி.

“அத்தனை சக்தியும் ஊசி கனத்துல ஓடுது அண்ணி. நேரா சுவத்துல பட்டா கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஓட்டை. அது கூடப் பரவாயில்ல, உடனே தெரிஞ்சிடும். கொஞ்சம் கொஞ்சமா சிந்துனா அதான் ஆபத்து. குழாயே கதிர் வீச ஆரம்பிச்சிடும். அப்புறம் ஒரு ஆளு ஸ்பானரை எடுத்துக்கிட்டு ரிப்பேருக்குக் கிட்டப் போக முடியாது. பத்து லட்சத்துல ஒண்ணு சிந்துனாலே எங்களுக்குத் தூக்கம் வராது.”

“எங்க லைன்ல அப்படிக் கேட்டா எல்லாரும் வேலைய விட்டுப் போயிடுவாங்க லா.”

அந்த ஆண்டு கடைசியில் முனியம்மா போய்விட்டாள். மங்களத்தின் அக்கா. அவளுடைய கடைசி மகன் சிங்கப்பூரில் வேலை செய்தான், எல்லைப் பாலத்தை அடைத்துவிட்டிருந்தார்கள்; மற்றப் பிள்ளைகளாலும் ஊர்விட்டு ஊர் வர முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன், தாய்க்கு வைப்பது கடைசி மகன். தோட்டத்துக் காலத்திலிருந்தே மாறாத வழக்கம். முனியம்மாவுக்கு அது நடக்கவில்லை. சுடலையில் நின்ற ஐந்தாறு பேரில் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப, மங்களம் அதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முனியம்மாவின் பக்கத்து வீட்டுப் பையன் யாரோ போய்த் தகன உலையின் பட்டனை அமுக்கினான்.

மங்களம் அழவில்லை. கைப்பேசியைக் கோமளாவிடம் கொடுத்துவிட்டு, பின்னறைக் கதவுக்குப் போய் நின்றாள்.

“டேய் சின்னவனே. எனக்கு நீதான் வைக்கணும்.”

“அம்மா, இப்பல்லாம் கொள்ளி ஏது. பட்டன்தானே.”

“பட்டனா இருந்தாலும் உன் விரல்தான்டா.”

அவன் தலையை ஆட்டினான். சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வேறென்ன செய்வான் ஒருத்தன். ஆனால் அந்தத் தலையாட்டலை மங்களம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

எல்லைகளைத் திறந்தார்கள். ஊர் பழையபடி ஆனது. அவன் விமான டிக்கெட் பார்க்கிறான் என்று தெரிந்தால் மங்களத்துக்கு நெஞ்சு படபடக்கும். பொய் இல்லை, கையை வைத்துப் பார்த்தால் கோமளாவுக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். வயசுக்கு ஏற்ற இதயம்தான், மாத்திரையை விடாதீர்கள் என்று டாக்டர் சொல்வார். பரமேஸ்வரன் லோரியோடு ஜொகூரில் இருப்பார், கோமளா ஷிப்டில் இருப்பாள். காரை எடுக்க அவன்தான். டிக்கெட் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். அடுத்த மாதம் தீபாவளி இருக்கும், இல்லாவிட்டால் தைப்பூசம், இல்லாவிட்டால் தங்கையாவின் திதி. கல்யாணப் பேச்சு எடுத்தால், போகிற ஆளுக்கு எதற்கு என்பான். பிறகு அந்தப் பேச்சை எடுப்பவர்களும் ஓய்ந்துபோனார்கள்.

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருந்தது. அவன் போக வேண்டுமென்றால் அவள் சாக வேண்டும். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எந்தப் பிள்ளையாவது போடுவானா? போடாமல் இருக்கத்தான் அவன் அந்தப் பின்னறையில் பாடாய்ப் பட்டான். மங்களமே ஒரு நாள் அதைப் போட்டு உடைத்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஏன்டா, எல்லாத்தையும் முன்கூட்டியே ஓட்டிப் பாக்குதுல்ல உன் கம்ப்யூட்டரு, நான் எப்பப் போவேன்னு ஒரு தட்டுத் தட்டிப் பாரேன்,” என்றாள். பரமேஸ்வரன் சிரித்தார். தினேஷ்வரன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இதற்கிடையே அங்கே நிஜமான மிஷினைக் கட்டி முடித்துவிட்டார்கள். குறைந்த சக்தியில் ஓட்டியபோது எல்லாம் சரியாக இருந்தது. சக்தியைக் கூட்டினால் ஒரு வளைவில் சிந்தியது; மிஷின் தானே நின்றுவிடும். இவனுடைய திரையில் அந்த வளைவு சுத்தமாக இருந்தது. நீலம், நீலம், ஒரு சிவப்புக்கூட இல்லை.

வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் பிடிபட்டது. கோமளா துணி மடித்துக்கொண்டிருந்த கூடத்துக்கு வந்து தானாகவே சொன்னான்.

“தப்பு ஆரம்பத்துலயே இருக்கு அண்ணி. குழாய்க்குள்ள நுழையறப்ப அந்தக் கூட்டம் உருண்டையா, ஒழுங்கா இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் நாங்க கணக்க ஆரம்பிச்சோம். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்போம், அது பழக்கம். நிஜத்துல அது உருண்டையா இல்ல. ஓரத்துல பிசிறு இருக்கு. அந்தப் பிசிறுதான் தூரத்துல போய் வளைவுல கொட்டுது.”

“அப்ப பிசிறோட போட்டுக் கணக்குப் பண்ணேன்.”

“எப்படிப்பட்ட பிசிறுன்னு தெரியணுமே. அத அங்க போய், மிஷின் பக்கத்துல உக்காந்து, ஓட்டி ஓட்டி அளக்கணும். அந்த மிஷினோட கண்ட்ரோலை வெளியிலேருந்து யாராலும் தொட முடியாது, பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்காங்க. இங்கேருந்து எதையும் கணக்குப் பண்ணலாம் அண்ணி. அளக்க முடியாது.”

தீபாவளி கழித்து மறுபடி சக்தியைக் கூட்டுவார்கள். அதற்குள் வந்தால் அங்கேயே நிரந்தர வேலை. வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள், இவனோடு உள்ள ஒப்பந்தம் அதோடு முடியும். இதையும் சொன்னான். சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தான்.

“பத்து வருஷத்துக்கு மேல அந்தக் குழாய்க்குள்ளயே இருந்தேன் அண்ணி. ஒரு தடவ அது ஓடறத நேர்ல பாக்கணும். அவ்வளவுதான்.”

கோமளாவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாள் கோவிலுக்குப் போய்ப் பண்டாரத்திடம் கேட்டாள், இந்தக் கொள்ளி உரிமையை மாற்றிக் கொடுக்க வழி உண்டா என்று. பண்டாரம் தாடையைத் தடவி யோசித்தார்.

“சாத்திரம் தேடாதம்மா. பெத்தவ தன் வாயால நாலு பேருக்கு முன்னால சொல்லி, மூத்தவரு கையில ஒரு வேட்டிய எடுத்துக் கொடுத்துட்டா அது அவருக்குப் போயிடும். யாரும் குத்தம் சொல்ல முடியாது.”

கோமளா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மங்களத்திடம், “ஞாயித்துக்கிழமை சொந்தத்தக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போடலாம் அத்தை, அப்படியே தம்பி போற விஷயத்தையும் பேசி முடிச்சிடலாம்,” என்றாள். மங்களம், “கூப்பிடு,” என்றாள்.

நாலு பேர் என்றால் நாலு பேரோடு நிற்குமா? குஞ்சம்மாவைக் கூப்பிட்டால் பெரியதம்பியைக் கூப்பிட வேண்டும். பெரியதம்பியைக் கூப்பிட்டால் அவர் சம்பந்தியை விட முடியாது. முனியம்மாவின் பிள்ளைகளை விட்டால் அது காலத்துக்கும் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கூடம் கொள்ளாமல் கார் நிறுத்தும் இடத்திலும் நாற்காலி போட வேண்டியிருந்தது. மங்களம் பட்டுச் சேலையில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தினேஷ்வரன் பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கோமளா அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

பண்டாரம் காட்டிய வழியையும் சொல்லி முடித்தாள். குஞ்சம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

“அக்கா உசுரோட உக்காந்திருக்கறப்பவே கொள்ளிக்குப் பங்கு பிரிக்கிறீங்களா?”

“ஏய் குஞ்சு, சும்மா இரு,” என்றாள் மங்களம். எழுந்து, தாம்பாளத்தில் இருந்த வேட்டியை எடுத்தாள். சபையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். “பரமு, எனக்கு நீ வை. சின்னவன் போவட்டும். அவனுக்கு மிஷின் இருக்கு. எனக்கு என்ன, நான் ஒத்தையில கெடந்துக்கிறேன். எங்க அக்காவுக்கும் பெத்த பிள்ளை வரல. அவளும் எரிஞ்சுதானே போனா.”

முனியம்மாவின் மூத்த மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குஞ்சம்மா விம்மினாள். பரமேஸ்வரன் வேட்டியை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றார். எல்லாத் தலையும் ஒவ்வொன்றாகப் பின்னறைக் கதவின் பக்கம் திரும்பியது.

பெரியதம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பெத்தவ மனசு என்னன்னு கேட்டாச்சு. பெரிய மனசு. இப்ப நீ சொல்லு மருமகனே. உன் மனசு என்ன? எல்லாரும் கேக்கட்டும்.”

தினேஷ்வரன் அண்ணியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

“நான் போகல மாமா.”

“கேட்டுக்குங்க,” என்றார் பெரியதம்பி சபையைப் பார்த்து. “எங்க அக்கா பிள்ளை லா இவன். நான் அப்பவே சொன்னேன்ல.” எழுந்து அவன் முதுகில் தட்டினார். யாரோ மூக்கைச் சிந்தினார்கள், யாரோ சிரித்தார்கள். குஞ்சம்மா அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சாப்பாடு போடச் சொல்லி ஒரு குரல் வந்தது. ஆட்டுக்கறி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு மங்களம் வந்தாள். பட்டுச் சேலையை இன்னும் அவிழ்க்கவில்லை.

“ஏன்டி இத்தன பேரைக் கூப்பிட்டே?”

கோமளா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“தனியா வந்து கேட்டிருந்தா, சரி போடான்னு நானே அனுப்பி வச்சிருப்பேன். அத்தன பேருக்கு முன்னால, அதுவும் முனியம்மா பிள்ளைங்கள வச்சுக்கிட்டு, நான் லேசா சொல்ல முடியுமா? வாயத் திறந்தா அப்படித்தான் வருது. நீ கூப்பிடுன்னு சொன்னவளும் நான்தான், போ.”

“இப்பப் போய்ச் சொல்லுங்க அத்தை. தம்பி உள்ளதான் இருக்கு.”

“என்னத்தச் சொல்ல? சபையில வாய் விட்டுட்டான். இனிமே போனா, போகலன்னு சொல்லிட்டுப் போனவன்னுதானே பேசுவாங்க. என் பிள்ளைய அப்படிப் பேச விடுவேனா?”

கோமளா விடவில்லை. அன்று மாலையே பின்னறைக்குப் போய், அம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

“தெரியும் அண்ணி,” என்றான். “ஆனா அங்க நின்னப்ப, போறேன்னு சொன்னா பெத்த பிள்ளையே விட்டுட்டுப் போனவங்கற சொல்லு அம்மா மேலதான் விழும்னு பட்டுச்சு. இப்பக் கிளம்பிப் போனாலும் அங்கதான் விழும்.”

“யாரு என்ன சொன்னா என்ன தம்பி?”

“நீங்க அப்படிச் சொல்றீங்க. இன்னிக்கு அத்தன பேரைக் கூப்பிட்டதும் நீங்கதானே.”

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். கோமளா மேசையிலிருந்த காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அங்கே வேறொரு ஆளை வைத்தார்கள். அந்த ஆளுக்குத் தினேஷ்வரன் திரை வழியாகவே எல்லாம் சொல்லிக் கொடுத்தான்: எந்தக் காந்தத்தைத் தணித்து எங்கே அளக்க வேண்டும், அளந்ததை எப்படிக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்று. அளந்து அனுப்பினார்கள். கூட்டம் உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது. அதை வைத்துக் கணக்கை ஓட்டியபோது, அதே வளைவில் சிவப்பு கொட்டியது. அதற்கு முன்னால் இருந்த காந்தங்களை மாற்றி அமைத்தார்கள், சிந்துவது நின்றது. தைப்பூசத்துக்குப் பிறகு முழுச் சக்தியில் ஓட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் வந்தது. கோமளாவைக் கூப்பிட்டுக் காட்டினான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு, அம்மாவுக்கு மாத்திரை நேரம் என்று எழுந்து போனான்.

ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, பத்து பெரண்டாமிலேயே பிளாஸ்டிக் உறுப்பு செய்கிற ஒரு பேக்டரியில் சேர்ந்தான். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே நிரம்பாமல் நிற்கும் என்பதை அச்சு வெட்டும் முன்னால் கணினியில் ஓட்டிப் பார்க்கிற வேலை. சுலபமாக இருக்கிறது என்று சொல்வான். வேறு எதுவும் சொல்வதில்லை.

மங்களத்துக்கு நெஞ்சுப் படபடப்பு நின்று வெகுநாளாகிவிட்டது. எண்பதைத் தாண்டிவிட்டாள். தானே நடந்து கோவிலுக்குப் போய் வருகிறாள்.

தினேஷ்வரன் பத்து பெரண்டாமில், அதே தாமானில், அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான்.